நினைவுப் பக்கத்துக்குப் போன ஒட்டடை

கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு ஒருவரையொருவர் மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள்தான். தலை நரைத்து, பிள்ளைகள் வளர்ந்து, பெருமையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான், கேட்பதற்குப் புது ஆள் வேண்டுமே என்ற கவலை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் வகுப்புத் தோழர் சங்கம்.

சங்கம் என்றால் தலைவர் வேண்டும். உயர உயரமாய்க் கட்டடம் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தவர் தலைவரானார். செயலாளர் வேண்டும். படிக்கிற காலத்திலேயே ஒலிபெருக்கியைக் கண்டால் பிடுங்கினாலும் விடாமல் 'மைக்' என்று பெயரெடுத்தவர் செயலாளரானார். பத்திரிகை வேண்டும். 'ஏணி' வெளிவந்தது.

ஏணியில் மூன்றே பகுதிகள். பதவி, பட்டம், புதுக் கார் எல்லாம் 'உயர்வு'. பிள்ளைகளின் கல்யாணம், பேரக்குழந்தை எல்லாம் 'இல்லம்'. போய்ச் சேர்ந்தவர்களுக்கு 'நினைவு'. வகுப்பில் படித்த ஒவ்வொருவரும் ஒவ்வோர் இதழிலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இருந்தே தீரவேண்டும் என்பது சங்கத்தின் விதி. யாரையும் விட்டுவிடக்கூடாதாம். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

சும்மா சொல்லக்கூடாது, செயலாளருக்குக் கைவண்ணம் உண்டு. மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குக் குடிபோனவரை உயர்வில் போட்டார். மனைவி பிரிந்துபோனவரைத் 'தனித்துச் செயல்படத் தொடங்கியுள்ளார்' என்று எழுதினார். அலுவலகக் கணக்கில் கை வைத்து உள்ளே போனவர்கூட 'அரசு வளாகமொன்றில் தங்கி வாசிப்பில் ஈடுபட்டுள்ளார்' என்று கௌரவமாக வந்தார். அவர் வீட்டில் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி.

இப்படிப்பட்ட சங்கத்தில், எழுத எதுவுமே இல்லாத ஒரே ஆளாக மாட்டிக்கொண்டவர் ஒட்டடை.

ஒட்டடை என்பது விடுதியில் வைத்த பெயர். குச்சி மாதிரி உடம்பு, உச்சியில் சிலுப்பிக்கொண்டு நிற்கும் முடி. இப்போது முடி உதிர்ந்து குச்சி மட்டும் மிச்சம். வேலை, லிஃப்ட் பராமரிப்பு. கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் வேலை பார்த்த கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. புதிதாக வந்தவர்கள், இனி லிஃப்டே தனக்கு என்ன நோவு என்று போனில் சொல்லிவிடும், காது வைத்துக் கேட்க ஆள் வேண்டாம் என்றார்கள். ஒரு பூச்செண்டு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பூச்செண்டு வாடுவதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பூச்செண்டு வாடி, குப்பைக்குப் போய், அதை வைத்திருந்த குவளையில் மகள் பேனா போட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மகள்தான் ஒரு நாள் காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, முனைல இருக்கற துணிக்கடையில கேட்டேன். ஒண்ணாம் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? காலேஜ்ல அடுத்த வருஷம் சேந்துக்கறேன். காலேஜ் எங்க ஓடிப்போகுது?"

"ஆமாடி, அடுத்த வருஷம் உனக்காகக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பாங்க" என்று உள்ளிருந்து அம்மா கத்தினாள். "கடையில ஒரு தடவ நின்னவ திரும்பிப் படிக்கப் போன கதைய நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"கத்தாதம்மா!"

"நானா கத்தறேன்?"

ஒட்டடை நாற்காலியிலிருந்தபடியே வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்யும்போது, மேலே மோட்டார் அறையில் இருப்பவனுக்குக் காட்டுகிற சைகை அது. மெல்ல இறக்கு என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சண்டைகளையும் இப்படித்தான் இறக்கிவந்தார். இருவரும் அடங்கினார்கள்.

மகள் படியிறங்கிப் போனதும் மனைவி ஏணியைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"ஏங்க, உங்க தலைவர் கட்டின கட்டடத்துல எல்லாம் லிஃப்ட் இருக்கா, இல்ல குதிச்சுக் குதிச்சு ஏறறாங்களா? லிஃப்டைப் பாத்துக்க ஒரு மேற்பார்வையாளர் வேணும்னு இதுல அவங்களே போட்டிருக்காங்க. போய்க் கேட்டா என்ன? மொத மொத வேலைக்குப் பேட்டிக்குப் போனப்ப உங்க சட்டையைத்தானே போட்டுட்டுப் போனாரு அந்த மனுஷன்?"

"நீலக் கோடு போட்ட சட்டை" என்றார் ஒட்டடை. "ஒரு பித்தான் மட்டும் வெள்ளை."

"அந்தப் பித்தானுக்காவது வேலை குடுக்க மாட்டாரா?"

தலைவரை நேரில் பார்க்க முடியாது என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது. வகுப்புத் தோழர்கள் சங்கத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். ஆக, ஒட்டடை சங்க அலுவலகத்துக்குப் போனார்.

செயலாளர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"டேய் ஒட்டடை! உன்னைத்தான்டா நினைச்சேன். இந்த இதழுக்கு உன் பேருக்கு நேரா மட்டும் இன்னும் ஒண்ணுமில்ல. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு எனக்கு. சொல்லு, என்ன செய்தி?"

"வேலை போயிடுச்சுடா."

செயலாளர் கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். "அது செய்தி இல்லடா. தகவல்."

"தலைவர் கம்பெனியில ஒரு இடம் இருக்காம். கொஞ்சம் சொல்லிவிட்டீன்னா..."

"தாராளமா! அதுக்குத்தானே கைகொடுக்கும் பிரிவுன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கோம்? ஆனா அதுல உயர்வுப் பக்கத்துல வந்தவங்களுக்கு மட்டும்தான் சிபாரிசு."

"வேலை இல்லாதவன்தானேடா வேலை கேப்பான்?"

"அப்படித்தான் எல்லாரும் தப்பா நினைக்கறாங்க. வேலையில இருக்கறவனைச் சிபாரிசு பண்ணா, அட, நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு கிராக்கின்னு தெரியும். இல்லாதவனை அனுப்பினா நம்ம வகுப்போட பேரு என்னாகும்? நீ மொதல்ல ஒரு வேலையில சேந்துட்டு வா. அடுத்த நிமிஷம் உனக்கு வேலை வாங்கித் தரேன். இது என் வாக்கு."

"சரி, சுதந்திர ஆலோசகர்னு போட்டுடேன். முன்னாடி வேலை போனவங்களுக்கெல்லாம் அப்படித்தானே போட்ட?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "இந்த இதழ்ல சுதந்திர ஆலோசகருங்க ரொம்பப் பேரு ஆயிட்டாங்கடா. இன்னும் ஒருத்தரைச் சேத்தா படிக்கறவங்களுக்குச் சந்தேகம் வந்துடும்."

ஆனாலும் கைவிடவில்லை. செய்திச் சீராய்வுக் குழு என்று ஒன்று இருந்தது. ஒருவருடைய வாழ்க்கையில் எந்த மூலையில் உயர்வு ஒளிந்துகொண்டிருந்தாலும் தேடி எடுப்பது அதன் வேலை. வகுப்பின் வங்கிக்காரரும் பல் டாக்டரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டடையை இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"வீடு?" என்றார் வங்கிக்காரர்.

"அதே வாடகை வீடுதான்."

"வாடகை ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு."

வங்கிக்காரர் ஆவலோடு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வருத்தமாகத் தலையசைத்தார்.

"பொண்ணு?"

"பரீட்சையில பள்ளியிலேயே ரெண்டாவது."

"அட, அருமை! யாரு மொதல்?"

"உன் பொண்ணுதான்டா."

வங்கிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வேணாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா உன் பொண்ணு மனசு புண்படும். நான் அந்தக் குழந்தைக்காகச் சொல்றேன்."

பல் டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து ஒட்டடையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லிலும் உயர்வு இல்லை. "ரத்த அழுத்தம் எப்படி?" என்று கேட்டார்.

"ஏறியிருக்குன்னாங்க."

"ஏறியிருக்கு! ஏறியிருக்குல்ல!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அறையில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று வெகுநேரம் பேசினார்கள். 'உள்ளுக்குள் உத்வேகம் பெருகிவருகிறது' என்று வங்கிக்காரர் சொல்லிப் பார்த்தார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே என்று பல் டாக்டர் இழுத்தார். கடைசியில் செயலாளர் பெருமூச்சு விட்டார்.

"உயர்வு இல்ல. இல்லத்துலயும் ஒண்ணும் நடக்கல. அப்ப விதிப்படி மிச்சம் இருக்கறது ஒரே ஒரு பகுதிதான்டா."

"என்னை விட்டுடுங்கடா" என்றார் ஒட்டடை. "பேரையே போட வேணாம்."

"எப்படிடா விடுவோம்? நீ எங்க உயிர் நண்பன்டா."

அடுத்த இதழின் நினைவுப் பக்கத்தில் ஒட்டடையின் படம் வந்தது. விடுதி மாடியில் எடுத்தது, முடியெல்லாம் இருந்தது. கீழே, 'அமைதியானவர். கடைசி வரை யாருக்கும் தொந்தரவு தராதவர்' என்று போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் அவருக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

"யாரு பேசறது?" என்றது ஒரு குரல். வகுப்பில் முன்வரிசைக்காரர், வெளிநாட்டில் இருப்பவர்.

"நான்தான்டா, ஒட்டடை."

"குரல் அப்படியே அவனை மாதிரியே இருக்கு. தம்பியா நீங்க?"

"எனக்குத் தம்பியே இல்லடா. நான்தான் பேசறேன். உயிரோட இருக்கேன்."

"புரியுதுங்க. மொதல்ல அப்படித்தான் இருக்கும். எங்கப்பா போனப்ப நானும் நம்பல. மனசைத் தேத்திக்கங்க, தம்பி."

நாள் பூராவும் ஆறுதல் வந்துகொண்டே இருந்தது. பழைய மேலாளர் ஒருவர் மட்டும், எங்கேயோ ஒரு கட்டடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று ஒட்டடையின் பெயரைச் சொல்லி வைத்திருந்தவர், செய்தியைக் கேள்விப்பட்டுப் போன் செய்து, அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அதோடு ஒட்டடை போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் போன வேகத்தைப் பார்த்தவர்கள் சங்கம் அன்றோடு கலைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வரும்போது சத்தமில்லாமல் வந்தாள். கதவைச் சாத்தி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?"

"வாங்க சிஸ்டர்னான். தண்ணி குடுத்தான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அழுதுட்டான்." அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "நினைவுப் பக்கத்துல வந்தவங்க வீட்டுல ஒருத்தருக்கு, தலைவர் கம்பெனியில உடனே வேலையாம். நினைவு நியமனமாம். கேள்வியே கிடையாதாம். எந்த இடம் காலியா இருக்கோ அது."

"எந்த இடம் காலியா இருக்கு?"

"லிஃப்ட் மேற்பார்வையாளர்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு லிஃப்ட்ல ஏறினாலே தலை சுத்தும்" என்றாள் அவள்.

"தெரியும்."

"அவன்கிட்ட நான் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டமாம். தலைவரே வர்றாராம். நீங்களும் வாங்க. அந்த மனுஷன் உங்க முகத்தைப் பாத்தா போதும், எல்லாம் சரியாயிடும். கூடப் படிச்சவன் எதிர்ல நிக்கறப்ப செத்துட்டான்னு சொல்ல எவனுக்காவது வாய் வருமா?"

இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது.

கூட்டம் தலைவர் கட்டிய கட்டடத்தின் உச்சி மாடியில். லிஃப்டில் ஏறும்போதே ஒட்டடைக்குக் கை பரபரத்தது. பிரேக் கட்டை தேய்ந்து, ஒவ்வொரு மாடியிலும் பெட்டி ஒரு விரற்கடை கீழே இறங்கித்தான் நின்றது. மேலே கூடம் நிறைந்திருந்தது. மேடையில் அவருடைய விடுதிப் படம், பூ வைத்து, ஆள் உயரத்துக்கு. மனைவியை முன்வரிசைக்கு அழைத்துப் போனார்கள். ஒட்டடையை ஒருவர் தடுத்து, "நீங்க?" என்றார்.

"நான்தான் அது" என்று படத்தைக் காட்டினார்.

"உறவுக்காரங்களா? பின்னாடி உக்காருங்க."

செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்த வருடம் நினைவுப் பக்கம் வளர்ந்திருக்கும் வேகத்தைப் புள்ளிவிவரத்தோடு சொன்னார். வேறு எந்த வகுப்பும் நம் பக்கத்தில் வர முடியாது என்றபோது கைதட்டல். பல் டாக்டர், மறைந்த நண்பரின் பற்களைக் கடைசியாகப் பார்த்தது தானே என்று சொல்லி நாத்தழுதழுத்தார். பிறகு தலைவர் எழுந்தார். கூடம் அமைதியானது.

"நண்பர்களே, ஒரு சட்டையைப் பத்திச் சொல்லணும். நீலக் கோடு போட்ட சட்டை. ஒரு பித்தான் மட்டும் வெள்ளை. எனக்கு நல்ல சட்டை இல்லாத காலத்துல, தான் போட்டிருந்ததைக் கழட்டிக் குடுத்துட்டு, பனியனோட விடுதி வாசல்ல நின்னு வழியனுப்பினான் ஒருத்தன். அந்தச் சட்டைதான் இன்னிக்கு இந்தக் கட்டடமா நிக்குது." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். "ஒரே ஒரு குறைதான் எனக்கு. அவன் என்கிட்ட ஒண்ணுமே கேக்காமப் போயிட்டான். இன்னிக்கு மட்டும் அவன் உயிரோட வந்து, 'டேய், எனக்கு ஒரு வேலை குடுடா'ன்னு கேட்டா, இந்த மேடையிலேயே குடுத்துடுவேன்!"

பின்வரிசையில் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒட்டடை எழுந்து நின்றிருந்தார்.

"டேய்" என்றார். "டேய், நான் இருக்கேன்டா. எனக்கு ஒரு வேலை குடுடா."

எல்லாத் தலைகளும் திரும்பின. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் சந்தேகமே வேண்டாம். முகத்தில் அந்த விடுதி வாசல் ஒரு கணம் வந்து போனதை முன்வரிசையில் இருந்த மனைவி தெளிவாகப் பார்த்தாள். பிறகு அவர் கண் பூ வைத்த படத்துக்குப் போனது. அங்கிருந்து கூட்டத்துக்கு, அங்கிருந்து செயலாளருக்கு. செயலாளர் உதட்டைப் பிதுக்கித் தலையை மெல்ல ஆட்டினார்.

தலைவர் ஒலிபெருக்கிக்குத் திரும்பினார்.

"கேட்டீங்களா? 'நான் இருக்கேன்'னு ஒரு குரல். உண்மைதான் நண்பர்களே. அவன் எங்கயும் போகல. இந்தக் கூடத்துலதான் இருக்கான். நம்ம எல்லார் மனசுலயும் இருக்கான்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பலர் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த ஆரவாரத்தில் ஒட்டடை இரண்டாம் தரம் சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை.

"அவன் கேக்காத வேலையை அவன் குடும்பத்துக்குக் குடுக்கறேன்" என்றார் தலைவர். செயலாளர் மனைவியைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போனார், அவளுக்குக் கால் நன்றாகவே இருந்தபோதும். ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"ரெண்டு வார்த்தை, சிஸ்டர். வேலையை ஏத்துக்கறேன்னு சொன்னாப் போதும். அவர் ஆத்மா சாந்தியடையும்."

அவள் கூடத்தின் அந்தக் கோடியில், எல்லோரும் உட்கார்ந்துவிட்ட பிறகும் குச்சி மாதிரி ஒற்றையாக நின்றுகொண்டிருந்த மனிதனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இழுத்த விதத்திலேயே ஒட்டடைக்குத் தெரிந்தது, ஒரே கத்தலில் கட்டடத்தின் கண்ணாடியெல்லாம் நொறுங்கப்போகிறது. நொறுங்கினால் தலைவர் மன்னிப்புக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். வேலை மட்டும் நிச்சயமாகப் போய்விடும். துணிக்கடையில் ஒண்ணாம் தேதிக்கு இன்னும் சில நாட்கள்தான்.

ஒட்டடை வலது கையை நீட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்தார். மெதுவாகக் கீழே இறக்கினார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை முட்டிவரை இறங்கியது. கையோடு ஆளும் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏத்துக்கறேன்" என்றாள் அவள் ஒலிபெருக்கியில். "வேலையெல்லாம் அவர் சொல்லிக் குடுத்திருக்காரு." குரல் உடைந்தது. கூடமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஒட்டடைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு, அவர் பக்கம் சாய்ந்தார்.

"மொதல் தடவையா? நானும் எழுந்து நின்னேன், என் கூட்டத்துல."

"நீங்க?"

"போன இதழ். இவரு அதுக்கு முந்தின இதழ்." அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் தலையசைத்தார். பின்வரிசை நெடுகிலும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி ஒட்டடையைப் பார்த்து இலேசாகச் சிரித்தார்கள். எல்லாம் கடைசி பெஞ்சு முகங்கள். "எங்க வீட்டுல அவளுக்குக் கணக்குப் பிரிவு. ராத்திரி எல்லாம் நான்தான் போட்டுக் குடுக்கறேன். உங்க வீட்டுல?"

"லிஃப்ட்" என்றார் ஒட்டடை. "அவளுக்குத் தலை சுத்தும்."

"பழகிடும்."

நிகழ்ச்சி முடிந்தது. ஏணியின் அடுத்த இதழுக்குப் படம் எடுத்தார்கள். நினைவு நியமனம் அல்லவா, இது உயர்வுப் பக்கத்துக்கு. தலைவர் நடுவில், இந்தப் பக்கம் செயலாளர், அந்தப் பக்கம் கையில் உறையோடு மனைவி, பின்னால் பூ வைத்த படம். மனைவி யாரையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒட்டடை நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து மேடைப் படி ஏறி அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சார், பின்னாடி உயரமா நிக்கறவரே, கொஞ்சம் தள்ளிக்கங்க. செத்தவர் மறையறாரு."

ஒட்டடை தள்ளிக்கொண்டார்.